முப்பத்து மூன்றரை டிகிரி

குழந்தை அழவில்லை.

காவேரிக்கு அது முதல் பிரசவம். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. நீலம் பாரித்து வெளியே வந்த பெண் குழந்தை ஏஞ்சலினின் கைகளில் துவண்டு கிடந்தது. ஏரியூருக்கு அப்பால் இருக்கும் அந்தச் சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏஞ்சலின் பத்து வருடமாக நர்ஸ். குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, பையை அழுத்தி அழுத்திக் காற்றை உள்ளே அனுப்பினாள். எட்டாவது நிமிடம் மார்பு தானாக ஏறி இறங்கியது. ஆனால் கண் திறக்கவில்லை, கை கால் அசையவில்லை.

தருமபுரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவு டாக்டர் கேத்தரினுக்கு போன் போட்டாள்.

"உடனே கூட்டிட்டு வாங்க. ஆனா சூடு வைக்காதீங்க. வார்மரை அணைச்சிருங்க."

"மேடம், இப்பவே ஒடம்பு சில்லுன்னு இருக்குங்க. முப்பத்தஞ்சுதான் காட்டுது."

"ஆக்சிஜன் கொறஞ்சதுமே அவ ஒடம்பு தானா சூட்டைக் கொறச்சுக்க ஆரம்பிச்சிருச்சு, ஏஞ்சலின். சூடு கொறஞ்சா மூளைக்கு ஆக்சிஜன் தேவையும் கொறயும். இருக்கறத வச்சுத் தாக்குப்பிடிக்கப் பாக்குது. நாம அதைக் கெடுக்க வேணாம். முப்பத்து மூன்றரைக்கும் முப்பத்து நாலரைக்கும் நடுவுல வச்சுக் கொண்டு வாங்க. முப்பத்து மூன்றரைக்குக் கீழ மட்டும் விட்றாதீங்க, இதயம் தாங்காது."

ஏஞ்சலின் வார்மரை அணைத்தாள். பிறந்த பிள்ளையைச் சூடாக வைக்கும்படி எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருப்பாள்! இன்று தன் கையாலேயே போர்வையை விலக்க வேண்டும்.

காவேரிக்குத் துணையாக அவள் புருஷன் மாயவன் அங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய அக்கா நஞ்சம்மாள் வெந்நீர் ஃபிளாஸ்க் இருந்த பையோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். காலை மணி பதினொன்று. டிரைவர் பிரபாகர் சைரனைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். வெறும் டயப்பருடன் கிடந்த குழந்தையின் உடலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் சின்ன மானிட்டருக்குப் போனது. அதில் 34.6 என்று எண் ஒளிர்ந்தது.

"ஏன் சிஸ்டர், பச்சப்புள்ளய இப்பிடித் தொறந்து போட்டிருக்கீங்க? ஐஸு மாதிரி கெடக்குதுங்களே!"

"டாக்டரம்மா சொல்லித்தான் செய்யறேன் அக்கா. இந்த நேரத்துல குளிர்ச்சிதான் அவ மூளையக் காப்பாத்தும்."

நஞ்சம்மாள் முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பென்னாகரம் நெருங்கும்போது குழந்தையின் மூச்சு நின்றது. ஏஞ்சலின் மாஸ்க்கை வைத்து மறுபடி பையை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று... வளைவுகளில் வண்டி சாய்ந்தபோது முழங்காலை இருக்கையில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் மூச்சு திரும்பியது. நெற்றி வேர்வையைத் துடைத்தபடி மானிட்டரைப் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

35.3.

எப்படி ஏறியது? குழந்தையின் விலாப்பக்கம் கையை விட்டாள். அடியில் விரித்திருந்த துண்டுக்குள், ஃபிளாஸ்க் வெந்நீர் நிரப்பிய ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கொதிக்கக் கொதிக்க இருந்தது. பிஞ்சுத் தோலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க!" என்று கத்தியபடி பாட்டிலை எடுத்து ஓரமாக எறிந்தாள்.

நஞ்சம்மாள் உடைந்துபோனாள். "எனக்கும் ஒரு புள்ள இப்பிடித்தான் சிஸ்டர் பொறந்துச்சு. வூட்லயே பொறந்துச்சு. என் மடியிலயே சில்லிட்டுப் போயிருச்சு. இதையும் எப்பிடிப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்?"

ஏஞ்சலினுக்குத் திட்ட நேரமில்லை, சமாதானம் சொல்லவும் நேரமில்லை.

"அக்கா, நம்பர் படிப்பீங்களா?"

"பஸ் நம்பர் படிப்பேங்க."

"இந்தப் பொட்டியவே பாருங்க. நம்பர் மாறுனா சத்தமாச் சொல்லுங்க. நான் மூச்சைப் பாக்கணும். உங்கள நம்பித்தான் இருக்கேன்."

நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். "முப்பத்தஞ்சு... முப்பத்து நாலு புள்ளி ஏழு... நாலு புள்ளி மூணு..."

இண்டூர் தாண்டியதும் அவள் கத்தினாள். "சிஸ்டர், முப்பத்து மூணு புள்ளி நாலு! எறங்கிக்கிட்டே போவுது!"

ஏஞ்சலின் போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ஒரே ஒரு துணி போர்த்துங்க, போதும்," என்றாள் கேத்தரின். "ஏசியை நிறுத்தச் சொல்லுங்க."

"அக்கா, போர்த்துங்க. நீங்களே போர்த்துங்க."

நஞ்சம்மாள் வெள்ளைத் துணியை விரித்துக் குழந்தைமேல் பட்டும் படாமலும் போட்டாள். எண் அசையவில்லை. வண்டி தருமபுரி ஊருக்குள் நுழைந்து பஸ்களுக்கு இடையில் புகுந்து போனது. 

"மூணு புள்ளி அஞ்சு," என்றாள் நஞ்சம்மாள். பிறகு, "மூணு புள்ளி ஏழு."

ஆஸ்பத்திரி வாசலில் கேத்தரினே காத்திருந்தாள். எண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எழுபத்திரண்டு மணி நேரம் குழந்தையைக் குளிரிலேயே வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் ஒருமுறை வலிப்பு வந்தது. நான்காம் நாள் மணிக்கு அரை டிகிரிக்கும் குறைவாகச் சூட்டை ஏற்றினார்கள். அன்று மாலை குழந்தை கண்ணைத் திறந்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. மாயவன்தான் ஏஞ்சலினுக்குப் போன் போட்டு அதைச் சொன்னான்.

"இப்பவே எதையும் உறுதியாச் சொல்ல முடியாது," என்று கேத்தரின் எச்சரித்திருந்தாள். "ரெண்டு வருஷம் வரைக்கும் தொடர்ந்து பார்க்கணும்."

நான்காம் மாதம் தடுப்பூசி நாளன்று காவேரி குழந்தை மலர்விழியோடு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். கூடவே நஞ்சம்மாள். கழுத்து நிற்கிறதா என்று பார்க்க ஏஞ்சலின் குழந்தையைக் கவிழ்த்துப் படுக்க வைத்தாள். மலர்விழி தலையைத் தூக்கி, கழுத்து ஆடாமல், எதிரே தெரிந்த ஜன்னல் வெளிச்சத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.