துவைத்த புதுக் கவுன்

தையல் வகுப்புத் தோழி மணிமொழியின் மகளுக்கு நேற்று பாடாலூரில் காது குத்து. தாய்மாமன் வீரமணி முந்தின நாளே கொடுத்திருந்த கவுனை மணிமொழி துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். காலையில் வந்தவன் முகம் சுருங்கிவிட்டது.

"மாமன் சீரத் தண்ணில முக்குனவ ஊர்லயே நீ ஒருத்திதான். மஞ்ச வச்சு அப்படியே போடாம பழசாக்கிட்டியே! இதோட எம் மடியில உக்கார வைக்க மாட்டேன்."

மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மணிமொழி, கவுனோடு வந்த துவைக்காத தலைப்பட்டையை நீட்டினாள்.

"மோந்து பாருண்ணே. சுருங்காம இருக்க மருந்து போட்டது. பொறந்தநாளுக்குப் புதுசு போட்டுக் கழுத்தெல்லாம் தடிச்சு எப்படி அழுதா! நீ பருத்தி பாத்து எடுத்ததால துவைச்சதோட வுட்டேன். துவைக்க முடியாத ஜிகினான்னா கடைக்கே திருப்பியிருப்பேன்."

வீரமணி மோந்துவிட்டு மூக்கைத் தேய்த்தான். "பெட்ரோல் பங்க் மாதிரில்ல இருக்கு!"

ஒருமுறை துவைத்தால் எல்லா மருந்தும் போய்விடுமா, எனக்குத் தெரியாது. குறையும் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்டு வந்து செய்தவள் அவள் ஒருத்திதான்.

வீரமணி கொடியிலிருந்து கவுனை எடுத்து அதன் ஓரத்தில் மஞ்சள் வைத்தான். "இனிமே துவைச்சே கொண்டாரேன். ஒங்கிட்ட யாரு ஏச்சு வாங்குறது?"

அவன் மடியில் குழந்தை ஊசிக்கு மட்டும்தான் அழுதது.