ஒரே முதுகு, இரண்டு கேமரா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. கேமரா பத்திரிகை ஒன்றுக்கு மாதாமாதம் எழுதிக் கொடுப்பவன் நான். பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றையும் புதியது ஒன்றையும் அருகருகே வைத்து, எது எதில் தேறுகிறது என்று சொல்ல வேண்டிய கட்டுரை இது. அதன் முதல் வரி இன்னும் என்னிடம் இருக்கிறது:

"பன்னிரண்டு வருடப் பழைய கேமராவைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்,

காற்புள்ளியோடு நிற்கிறது. பதிலைத் தட்டச்சு செய்வதற்கு முன் எடுத்துக்காட்டுப் படங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்தேன். திரையில் என் மச்சானின் முதுகு.

(மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நீச்சல் சொல்லித் தருவது வேலை. வருடத்தில் பாதி நாள் சட்டையில்லாமல் வெயிலில் நிற்கிறவன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படியும் வைத்துக்கொள்வீர்கள்.)

2

முதுகு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். என் மனைவி ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் படம் எடுப்பவள். நோயாளியின் கையில், காலில், முதுகில் இருக்கும் மச்சத்தையும் தடிப்பையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பக்கத்தில் சின்ன ஸ்கேல் ஒட்டி எடுப்பாள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வரும்போது மறுபடி எடுப்பாள். மாறியிருக்கிறதா, புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று இரண்டையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ஆறு வருடம் முன்பு அந்த வேலையில் சேர்ந்தபோது வீட்டில் பழகிப் பார்த்தாள். அப்போது எங்களிடம் இருந்தது அந்தப் பழைய கேமராதான். நோயாளியாக உட்கார்ந்தது தம்பி. அந்தப் படங்களை அவள் அழிக்கவில்லை.

பத்திரிகையிலிருந்து புதிய கேமரா பெட்டியோடு வந்ததும் எனக்கு யோசனை வந்தது. ஒரே முதுகைப் பழையதில் அப்போது எடுத்தாயிற்று, புதியதில் இப்போது எடுத்தால் வாசகர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மச்சானைக் கூப்பிட்டேன். பத்திரிகையில் முதுகு மட்டும்தான் வருமா, முகத்துக்கு இடம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினான். பத்து நிமிட வேலை.

மறுநாள் மத்தியானம் பழைய படத்தை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வைத்தேன். புதியதில் பூனைமுடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பழையதில் தோல் சுவருக்குப் பூச்சு பூசியது மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. இதையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தவன் இடது தோள்பட்டைக்குக் கீழே நின்றேன். அங்கே ஒரு மச்சம். பழைய படத்தில் அது சட்டைப் பொத்தான் மாதிரி, சுற்றிலும் சுத்தமான விளிம்போடு இருந்தது. புதிய படத்தில் அதே மச்சத்தைச் சுற்றி வெளிர்பழுப்பாக ஒரு வளையம். ஒரு பக்கம் மட்டும் அது கலைந்து, காகிதத்தில் தேநீர் சிந்தியது போலப் பரவியிருந்தது.

தோல் பிரிவுக்காரியின் புருஷனாகப் பல வருடம் இருந்தவனுக்கு அது என்னவாக இருக்கலாம் என்று தெரியும்.

3

என் முதல் பிரதியில் அடுத்த வரி இப்படி இருந்தது: "உடனே ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன்."

[பொய். கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்கட்டும் என்று.]

நடந்தது என்னவென்றால், பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். கணினியை மூடிவிட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் இரண்டு கேமராக்களின் ஷட்டர் சத்தத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். நல்ல பத்தி. ஒன்றரை நாள் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வேன். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். இன்னொன்று என் மனைவி. தம்பி குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த மச்சம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்றுமில்லை என்று அவனிடம் பலமுறை சொன்னவள் அவள். ஊரார் மச்சத்தையெல்லாம் பார்க்கிறவள் சொந்தத் தம்பியின் மச்சத்தைக் கோட்டைவிட்டாள் என்று நான் எப்படி

[வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

4

இரண்டாம் நாள் சாயங்காலம் காட்டினேன்.

முந்தைய பிரதியில் அவளை அழ வைத்திருந்தேன். சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "நான் அன்னிக்கு சுடிதார்." அதோடு அந்தப் பக்கம் ஒழிந்தது.

உண்மையில் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஸ்கேல் வச்சீங்களா?"

வைக்கவில்லை. எந்த லென்ஸ், எவ்வளவு தூரம், ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எதற்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. பிறகு ஐந்து நிமிடம் திட்டினாள். இத்தனை வருடம் கேமராவைப் பற்றி எழுதிக் கிழிக்கிறவருக்கு ஒரு ஸ்கேல் ஒட்டத் தெரியவில்லையா என்று. வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்றரை நாள் மறைத்ததற்கு அவள் திட்டவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இரண்டு வேறு கேமரா, இரண்டு வேறு வெளிச்சம், இதை வைத்து மாறியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது என்றாள். தம்பிக்குப் போன் போட்டு, மாமா எடுத்த படம் சொதப்பிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வா என்றாள்.

5

இங்கேதான் என் கட்டுரை உண்மையிலேயே நடந்தது. பத்திரிகைக்காக நான் செய்திருந்தால் இத்தனை கவனமாகச் செய்திருக்க மாட்டேன்.

பழைய கேமராவின் பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜர் எங்கே என்று அரை மணி நேரம் தேடி, தையல் மெஷினின் இழுப்பறையில் கண்டுபிடித்தோம். அதன் தடித்த மெமரி கார்டைப் படிக்கும் கருவி வீட்டில் இல்லை. மருத்துவமனையிலிருந்து அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். நல்லவேளை, இரண்டு கேமராவுக்கும் ஒரே லென்ஸ் பொருந்தியது. ஜன்னலுக்குத் திரை போட்டு, இரண்டு விளக்கு வைத்து, முக்காலியை நிறுத்தி, தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். மச்சானை நாற்காலியில் திருப்பி உட்கார வைத்து, மச்சத்தின் பக்கத்தில் ஸ்கேலை ஒட்டினாள். பழையதில் நாலு படம். கேமராவை மாற்றி, புதியதில் நாலு படம்.

"ரெண்டு பேரும் ஏன் இவ்ளோ அமைதியா இருக்கீங்க?" என்றான் அவன், திரும்பாமல்.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், நோயாளியிடம் சொல்கிற குரலில். நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்தன.

"அப்ப பழைய கேமராவுலயே பாத்துக்கலாம்க்கா. அதுல நல்லாத்தானே இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது.

படங்களைக் கணினியில் போட்டோம். புதிய கேமராவில் அந்த வளையம் இருந்தது. பழைய கேமராவில், அதே காலை, அதே விளக்கு, அதே லென்ஸ், வளையம் இல்லை. சுத்தமான பொத்தான். நடுவில் இருந்த கரும்புள்ளியை ஸ்கேலோடு வைத்து அளந்தாள். ஆறு வருடம் முன்பு எடுத்ததிலும் ஸ்கேல் இருந்தது, அதில் ஐந்து மில்லிமீட்டர். இப்போதும் ஐந்து.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மச்சம் மாறவில்லை, கேமராதான் மாறியிருக்கிறது. மச்சான் என் தோளில் தட்டினான். "கதை இங்கே முடிகிறது" என்று முதல் பிரதியில் எழுதி, கீழே கோடுகூடப் போட்டிருந்தேன்.

அவள்தான் அந்தக் கோட்டை அழித்தாள். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"பழைய கேமராவுக்கு இன்னிக்கே அந்த வளையம் தெரியல. அப்ப ஆறு வருஷம் முன்னாடியும் தெரிஞ்சிருக்காது. அன்னிக்கு அது இருந்துச்சா இல்லையான்னு நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

(வேகமாகப் படிக்கிறவர்களுக்காக: வளையம் புதிதாக வந்திருக்கலாம். பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம். மாறிவிட்டது என்று பயப்படக் காரணமாக இருந்த பழைய படம் இப்போது சாட்சி சொல்லத் தகுதி இழந்துவிட்டது. பாதி நிம்மதி என்பது இதுதான். பாதி நிம்மதியில் யாருக்கும் தூக்கம் வராது.)

6

மருத்துவரிடம் போகலாம் என்றதும் மச்சான் நழுவப் பார்த்தான். பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது, ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் இப்போதுதான் மிதக்கவே பழகியிருக்கிறார்கள், நடுவில் விட முடியாது, அது முடியட்டும் என்றான். அக்கா வாதாடவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவள் பிரிவின் மருத்துவரைக் கறாரான ஆளாக எழுத எனக்கு ஆசை. கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவர் அப்படி இல்லை. பேரன் பேத்தி எடுத்த வயது, மெதுவான பேச்சு. எங்கள் எட்டுப் படங்களையும் மரியாதைக்குப் பார்த்தார். பிறகு விளக்கு வைத்த சின்ன லென்ஸை மச்சத்தின் மேலேயே வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் அந்த ஒரு பக்க விளிம்பைப் பார்த்து ஊகத்தில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

மச்சத்தை வெட்டி எடுப்பதற்கு முன் படம் எடுக்க வேண்டும், அதுதான் அங்கே நடைமுறை. அந்தப் பிரிவில் படம் எடுப்பவள் ஒருத்திதான்.

வேறு பிரிவிலிருந்து யாரையாவது கூப்பிடட்டுமா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றிருக்கிறாள். நோயாளி எண், தேதி, ஸ்கேல், எல்லாம் மற்றவர்களுக்குச் செய்வது போலவே. பிறகு நடைவழிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளை நான் பார்த்தேன். அந்தப் படங்களை அப்புறம் காட்டினாள். ஒன்றுகூட ஆடவில்லை.

மூன்று தையல். இரண்டு வாரம் தண்ணீரில் இறங்கக்கூடாது. முடிவு வர எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

7

பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளில் நான் செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதைக்கு இன்னொரு முடிவை எழுதினேன். சோதனையில் மோசமாக வருகிற முடிவை. மூன்று பக்கம், தடங்கலே இல்லாமல் வந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்பது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அதை மச்சான் படித்துவிட்டான்.

"என்ன மாமா, மூணாவது பக்கத்துலயே என்னை முடிச்சுட்டீங்க" என்றான். எழுதும்போது அழுதீர்களா என்று கேட்டான். அழுதேன் என்றேன்.

"அப்ப சரி, இருக்கட்டும்."

(அவன் படித்தது சோதனை முடிவு வந்த அடுத்த வாரம். ஆக, என்ன முடிவு என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். கடைசி வரி வரைக்கும் இழுத்தடிக்க எனக்கு மனம் இல்லை. பதினாறு நாள் நாங்கள் பட்டது போதும், நீங்கள் வேறு ஏன் படவேண்டும்.)

இந்தக் கதைக்காக அந்த மூன்று பக்கத்தையும் இங்கே ஒட்டலாமா என்று நினைத்தேன். ஒட்டவில்லை. கட்டுரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வெளிவந்தது. முதுகு இல்லாமல், ஒரு பூந்தொட்டியை வைத்து. எதை வாங்கினாலும் பழைய படத்தையும் புதிய படத்தையும் சும்மா பக்கத்தில் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தேன். இடம் போதவில்லை என்று ஆசிரியர் அந்தப் பத்தியைத்தான் வெட்டினார்.

8

முடிவு வந்தது பதினாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு. தீங்கில்லாத மச்சம். முழுதாக எடுத்தாயிற்று, இனி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தை என் மனைவி போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள், கீழே இருந்த கையெழுத்து வரைக்கும். தம்பிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். போனில் சொல்லப்போவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் அங்கே இல்லை என்பதால் இனி வருவதெல்லாம் இரண்டு பேர் சொல்லிக் கேட்டது.

மருத்துவமனை உடுப்போடு, செருப்பைக் கழற்றாமல், அவள் நீச்சல்குளத்தின் விளிம்புக்கே போய்விட்டாள். தையல் பிரித்தாயிற்று, மருத்துவரின் அனுமதியோடு அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கியிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெள்ளைமுடிக்காரர் ஒருவரை முதுகுக்குக் கீழே கை கொடுத்து மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அந்தக் கையை எடுக்காமல் அப்படியே நின்றான். அவள் சொன்னது மூன்று வார்த்தை.

"ஒண்ணும் இல்லடா. போச்சு."

அவன் அந்தப் பெரியவரை நிதானமாக நிமிர்த்தி, கம்பியைப் பிடிக்க வைத்தான். பிறகு தண்ணீருக்குள் மூழ்கினான்.

இதுவரைக்கும் இருவரும் சொல்வது ஒன்றுதான். இதற்குப் பிறகுதான் ஒத்துவரவில்லை. அவன் ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தான், வகுப்பில் இருந்தவர்களே பயந்துவிட்டார்கள், உள்ளே அழுதுகொண்டிருந்தான் என்கிறாள் அவள். அதெல்லாம் இல்லை, யாரோ தவறவிட்ட நீச்சல் கண்ணாடி அடியில் கிடந்தது, அதை எடுக்கப் போனேன், பத்து விநாடிகூட இருக்காது என்கிறான் அவன். விளிம்பில் குந்தி உட்கார்ந்து அழுதது அக்காதான் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அதை அவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள். ஒருவர் சொல்வதை வைத்து முடித்தால் இன்னொருவர் பென்சிலை எடுத்துக்கொண்டு வருவார். அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். தண்ணீருக்கு அடியில் அவன் என்ன செய்தான், எவ்வளவு நேரம் இருந்தான், மேலே நின்றவள் அதுவரை எப்படிப் பொறுத்தாள், எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒரே ஒரு நிபந்தனை. எப்படி எழுதினாலும் அவன் மேலே வந்துவிட வேண்டும்.