ரெண்டாவது விசில்

சுவிசேஷமுத்துவுக்கு நாலாவது படியிலேயே வலது முட்டு மக்கர் பண்ணிவிட்டது. இருபத்தாறு வருசம் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கின கால். அங்கன எப்பவாவது எட்டிப்பார்த்த வலி, சமதளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு சிமெண்டுப் படியைக் கண்டாலே வருகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் வள்ளியூரில் பஸ் ஏறி வந்திருந்தார். கீழே வண்ணார்பேட்டைக் கடைத்தெரு இரைந்துகொண்டு கிடந்தது. குழந்தைகள் நலக் குழு உட்காரும் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றால், பேரைப் போட்டு வரச்சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

மேலே வராந்தா பெஞ்சில் பெர்சிஸ் உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் அவர் மேற்பார்வை பார்த்த கூட்டத்தில் கொழுந்து கிள்ளியவள். புருசன் செத்து ஆறு வருசம் ஆகிறது. எஸ்டேட்டை மூடி எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு திசையன்விளையில் முருங்கைக்காய் கட்டுக்கட்டும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை அப்படியேதான் இருந்தது. முன்னால் தேயிலை, இப்போது முருங்கை.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்கும் ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்தீங்களா?"

அவர் பெஞ்சின் அடுத்த முனையில் உட்கார்ந்தார்.

பெர்சிஸின் மகள் ரீபா பத்து மாதமாகக் காப்பகத்தில் இருக்கிறாள். பதினோரு வயது. வீட்டில் கிடந்த பூச்சிமருந்தை எடுத்துக் குடித்தாள், தாய் கவனிக்கவில்லை என்று எஸ்டேட் ஆபீஸ் கொடுத்த தாள்தான் குழுவின் கையில் இருந்தது. அதை வைத்துத்தான் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். திரும்பத் தாயிடம் அனுப்பலாமா என்று இன்றைக்கு விசாரணை. தாளின் அடியில் சாட்சிக் கையெழுத்து சுவிசேஷமுத்துவினுடையது.

நடந்தது அது இல்லை என்று பெர்சிஸுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எஸ்டேட் கிளார்க் குமரகுருபரனுக்கும் தெரியும்.

மலையில் அது ஒரு ஏற்பாடு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகள் தாய்மாரோடு தேயிலைக் காட்டுக்கு வந்துவிடும். லயத்து வரிசை வீட்டில் விட்டால் யார் பார்ப்பது, கரடி நடமாட்டம் வேறு. வந்த பிள்ளை சும்மா இருக்குமா? கொழுந்தைக் கிள்ளித் தாயின் சாக்கில் போடும். எடை தாய் பேரில் ஏறும். தாய்க்கும் ஆதாயம், அன்றைய கிலோ கூடினால் சூப்பர்வைசருக்கும் நல்ல பேர். கீழே செக்போஸ்டைத் தாண்டி தொழிலாளர் துறை அதிகாரிகள் ஜீப் ஏறினால் ஆபீசுக்குப் போன் வரும், ஆபீசிலிருந்து ஆள் ஓடி வருவான். சுவிசேஷமுத்து நீளமாக ஒரு விசில் ஊதுவார். பிள்ளைகள் செடிக்கு அடியில் குந்திவிட வேண்டும். தேயிலைச் செடி மேலே பாய் விரித்த மாதிரி அடைசலாக இருந்தாலும் அடியில் ஒரு பிள்ளை ஒடுங்க இடம் உண்டு. ஜீப் போனதும் குட்டையாக இன்னொரு விசில். வெளியே வரலாம்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. மற்றதெல்லாம் ஜீப் திருப்பம் தாண்டினதுமே தலையை நீட்டிவிடும். ரீபா வரமாட்டாள். "ரெண்டாவது விசில் கேட்டாத்தான் வரணும்னு மாமா சொல்லிருக்காவல்லா" என்று மற்ற பிள்ளைகளோடு சண்டைக்கு நிற்பாள். அதை மெச்சி சுவிசேஷமுத்து ஒருநாள் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

போன மே மாதம் ஒன்பதாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது ரோட்டை ஒட்டின காடு, செடிக்கடியில் குந்தினாலும் ரோட்டிலிருந்து தெரியும். ஆள் வந்து சொல்வதற்குள் ஜீப் சத்தம் கேட்டுவிட்டது. அவர் விசிலை ஊத, பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி அந்தப்பக்கப் பள்ளத்தில் பதினொன்றாம் நம்பருக்குள் ஓடின. பதினொன்றில் அன்று காலையில்தான் பூச்சிமருந்து அடித்திருந்தது. யாரும் நுழையக் கூடாது என்று கம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கட்டச் சொன்னதே அவர்தான். பிள்ளைகள் அதற்குள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். அஞ்சு நிமிசம்தானே என்று இருந்துவிட்டார்.

ஜீப் நின்றது. கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாலவாடி எங்கன இருக்கு, காட்டுங்க, ஏறுங்க என்றார்கள். முன் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். இருபத்தாறு வருசத்தில் ஜீப்பின் முன் சீட்டில் அவர் உட்கார்ந்தது கிடையாது. கூட்டத்துப் பெண்கள் பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பாலவாடி காட்டினார், தொட்டில் காட்டினார், பால் பவுடர் டப்பா காட்டினார். கேண்டீனில் வடை வந்தது. தூறல் போட்டது. விசில் கழுத்திலேயே தொங்கியது.

மற்ற பிள்ளைகள் தாமாக வெளியே வந்து லயத்துக்கு ஓடிவிட்டன. ரீபாவும் அதுகளோடு போயிருப்பாள் என்று பெர்சிஸ் இருந்துவிட்டாள். சாயங்காலம் எடை போடும்போதுதான் தேடினாள். மூணு மணி நேரம் மருந்துத் தண்ணி சொட்டுகிற செடிக்கடியில் குந்தியிருந்திருக்கிறது பிள்ளை. அவர் திரும்பி வரும்போது பெர்சிஸ் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடிவந்தாள். பிள்ளையின் வாயில் நுரை. கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் குமரகுருபரன் எழுதின தாளோடு வந்தான். காட்டில் நடந்தது என்றால் பிள்ளையை வேலைக்குக் கூட்டி வந்த தாய் மேல்தான் முதல் கேஸ், வைத்தியச் செலவும் கிடையாது என்றான். பெர்சிஸ் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சுவிசேஷமுத்து படித்துவிட்டுப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிசு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கோயிலில் சபையார் முன்னால் ஜெபம் பண்ண அவர் முறை. "பிள்ளையைப் பேணத் தவறின தாய்க்கு நல்ல புத்தியைக் கொடும் ஆண்டவரே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சனம் ஆமென் சொல்லியது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது பெர்சிஸ் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவர் வள்ளியூரில் ஒரு மரக்கடையில் வாட்ச்மேன். லாரி பின்னோக்கி வரும்போது ஊத முதலாளி ஒரு விசில் கொடுத்தார். சத்தம் போட்டே சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி, பல்லு சரியில்ல என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பல்லுக்கு ஒன்றும் இல்லை.

காலையில் பஸ்ஸில் வரும்போது குமரகுருபரன் போன் பண்ணியிருந்தான். "எழுதினதையே சொல்லும் வே. மாத்திப் பேசினீர்னா பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு போலீசு உம்மத்தான் மொதல்ல தூக்குவான்." சரி சரி என்று வைத்துவிட்டார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மனைவி சாரம்மாள் கேட்டாள், "என்ன சொல்லப் போறிய?" செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்கே தெரியாது.

காப்பகத்து வார்டன் பிரேமலதா ரீபாவைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். பிள்ளை வளர்ந்திருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தது. மருந்துக்குப் பிறகு பார்வை கொஞ்சம் மங்கல் என்று டாக்டர் சொன்னாராம். தாயின் மடியில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டது:

"மாமா, முட்டு இன்னும் வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது பிள்ள."

"வேப்பெண்ணெ தேய்ங்க. அம்மா முந்தி குடுக்கும்லா?"

பெர்சிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். குழுவின் தலைவர் விஜயஸ்ரீ, ஐம்பது வயது இருக்கும். மேசையில் பிளாஸ்க்கும் ஃபைலும். பிள்ளையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

"பயப்படாத. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு."

"வீட்டுல இருந்த மருந்த நானா எடுத்துக் குடிச்சிட்டேன் மேடம். அம்மா மேல தப்பு இல்ல."

"மருந்து என்ன கலர்?"

"பச்சை."

"குடிக்க எப்படி இருந்துச்சு?"

ரீபா யோசித்தது. "தித்திப்பா இருந்துச்சு."

விஜயஸ்ரீ பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. சுவிசேஷமுத்துவைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். செடிக்கடியிலிருந்து கடைசி ஆளாக எழுந்து, தலையில் இலையோடு, சரியா இருந்தேனா மாமா என்று பார்க்கிற பார்வை. அதிகாரி வந்தால் ஒளிய வேண்டும் என்று அவர்தானே சொல்லிக் கொடுத்தார். பிள்ளை இன்னும் எழுந்து வரவில்லை.

"மேடம்" என்றார். "பிள்ளைய வெளிய அனுப்பிட்டு என்னக் கேளுங்க."

நல்ல மனுசன், பிள்ளை காதில் விழ வேண்டாம் என்று நினைக்கிறார் என்று விஜயஸ்ரீ எடுத்துக்கொண்டார். பிரேமலதா ரீபாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தின பிறகு சுவிசேஷமுத்து எல்லாவற்றையும் சொன்னார். விசில், பதினொன்றாம் நம்பர், சிவப்புத் துணி, ஜீப்பின் முன் சீட்டு, வடை, ஊத மறந்தது. எதையும் மிச்சம் வைக்கவில்லை. சொல்லச் சொல்ல லேசாக இருந்தது. லேசாக இருப்பதுகூட அசிங்கமாகப் பட்டது.

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"எனக்குள்ளதுதான் மேடம். படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"நீங்க?" என்று பெர்சிஸிடம் திரும்பினார்.

"நானும் போட்டேன். பிள்ளைய வேலைக்குக் கூட்டிட்டுப் போனதும் நாந்தான். அதுக்கு என்ன உண்டோ செய்யுங்க. பிள்ளையக் குடுத்துருங்க."

விஜயஸ்ரீ வெகுநேரம் எழுதினார். பிறகு சொன்னார், "இன்னைக்கே அனுப்ப முடியாதும்மா. திசையன்விளையில நீங்க இருக்க வீட்டை ஆள் வந்து பாக்கணும், அந்தக் கொட்டகைக்குப் பிள்ளை வராதுன்னு எழுதி வாங்கணும். அடுத்த மாசம் பாக்கலாம். இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா பிள்ளை பத்து மாசம் அங்க கிடந்திருக்க வேண்டாம்." கடைசி வாக்கியத்தை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பெர்சிஸ் தாள்களில் கையெழுத்துப் போட உள்ளேயே நின்றாள். சுவிசேஷமுத்து போட்டு முடித்துவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டுப் பக்கம் பிரேமலதா போனில் ஆட்டோவை வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். ரீபா அவர் கிட்டே வந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு பிள்ள."

"அன்னைக்கு நீங்க ரெண்டாவது விசில் ஊதுனீங்களா? நான் காத கூர்மையா வச்சிட்டுத்தான் இருந்தேன். ராத்திரி படுத்தா அதையேதான் நெனப்பேன். மத்த பிள்ளைக எல்லாம் போயிருச்சே. எனக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?"

சற்று முன் ஒரு அதிகாரியின் முன்னால், ஊத மறந்தேன் என்று வாயாரச் சொன்னவர்தான். கண்ணாடிக்குப் பின்னால் அந்த மங்கின கண்கள் அவர் முகத்தையே பார்த்தன.

"ஊதுனேன் பிள்ள" என்றார். "தூத்தல் விழுந்துச்சில்லா? அந்தச் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

ரீபா தலையை ஆட்டியது. "அப்ப என் தப்புதான்" என்றது. வருத்தமாகக்கூட இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி சொன்னது. பிரேமலதா கையைப் பிடித்தாள். ரெண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

திரும்பினால் கதவடியில் பெர்சிஸ் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா வே?" என்றாள். அண்ணாச்சி என்று கூப்பிடுவது போய்விட்டது. "மேடத்துக்கு உண்மை, எம்பிள்ளைக்குப் பொய்யி. மேடமா செடிக்கடியில கெடந்தா?"

"நீ சொல்லிரு பெர்சிஸ். எனக்கு வாய் வரல."

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அம்மா சும்மா சமாதானத்துக்குச் சொல்லுதான்னு நெனப்பா. ஊதாதவன் வாயால வரணும்." பையை இடுக்கிக்கொண்டு மகளை ஆட்டோவில் ஏற்ற வேகமாக இறங்கினாள்.

அவரும் இறங்கப் பார்த்தார். முட்டு மடங்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பைய இறங்குவதற்குள் கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஊதல பிள்ள, நான் மறந்துபோனேன், உனக்குக் காது கேக்காம இல்ல. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ரீபாவுக்குச் சேரவேண்டிய அந்த வார்த்தையை சுவிசேஷமுத்து இன்னும் கொடுக்கவில்லை.