உருகாத தடம்

சாம்ப்ரியே என்ற மலையூரில் ஒதிலின் வாசலில் தொடங்கி மேற்குக் கணவாய் வரை போகும் பனித்தடம் அந்த ஆண்டு ஜூலையிலும் உருகவில்லை. ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகை இரண்டின் அகலம், ஒரு முழ உயரம். இருபுறமும் இடுப்பளவு புல் வெட்டுக்கு நிற்க, நடுவே இது வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஸ்கீயின் அடியில் வழுக்காத ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு, தினமும் விடியற்காலையில் அவள் ஏறி ஏறிப் போட்ட தடம். ஏழரைக்கு இறங்கிவந்து எட்டு மணிக்கு ஊர்த் தபால்காரியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள்.

ஊருக்கு அவளை ஏற்கெனவே ஆகாது. பனிமலைத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலைத் தூர்வார மே மாதம் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். மூன்று வருஷமாக அந்த நாளில் அவளுக்கு ஸ்கீயில் மலையேறும் பந்தயம், புருஷன் எய்மோனுக்கு மாடுகள். மகள் நொயெமியின் முதல் நற்கருணைக்கு, நெஞ்சில் பந்தய எண் ஒட்டியபடி, தேவாலயத்தில் பூசை முடிகிற நேரத்தில் வந்து நின்றாள். இத்தனையும் எதற்கு? ஈராண்டுக்கொருமுறை ஏப்ரலில் மூவர் சேர்ந்து ஓடும் பெரும்பந்தயத்துக்கு. முப்பத்தாறு வயதில், வருகிற ஏப்ரலுக்கு அவளுக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. அது ஒன்றுதான் அவள் கேட்டது.

தடத்தைத் தாண்ட மாடுகள் மறுத்தன. புல்வெட்டும் இயந்திரத்தின் பல் உடைந்தது. கடப்பாரையால் கொத்தி எறிந்தார்கள். மறுநாள் காலை அது அப்படியே இருந்தது. வாய்க்கால் தலைவர் பர்தெலமி கூட்டம் போட்டார்.

"மலை ஏறு, யாரு வேணாங்குறா? எங்க புல்லு மேல ஏறாத."

"வெட்டித்தான் பாத்தீங்களே, மறுநாளே முளைக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"ஏறாம இரு. ஊருல மத்த பொம்பளைங்க ஏறாமத்தான இருக்காங்க?"

அவள் ஏறினாள். எந்த வீட்டுக்கு எப்போது தண்ணீர் என்று வெட்டு வெட்டாகப் போட்டிருக்கும் முறைக்கட்டையிலிருந்து அவள் வீட்டு வெட்டுகளைச் சீவி எறிந்தார்கள். எதிரே வந்தால் வணக்கம் சொல்வதும் நின்றது.

ஆகஸ்டில் வாய்க்கால் வறண்டது. அப்போது, தடம் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மதியத்துக்குள் விரல் பருமன், சாயங்காலம் தொடைப் பருமன். ஊரே பாய்ச்சிக்கொண்டது. நன்றி என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் ஏறவில்லை, அன்று ஒரு சொட்டும் வரவில்லை. மறுநாள் பர்தெலமி மரியாதைக்குத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"நேத்து ஏன் ஏறல?"

"காய்ச்சல்."

"இன்னைக்கு?"

"பரவாயில்ல."

"அப்ப ஏறு."

அந்த வாரமே கட்டையில் அவள் வீட்டுக்குப் புது வெட்டு விழுந்தது, கடமைக்கான வெட்டு. மற்ற வீடுகளுக்குத் தூர்வாரும் கடமை வருஷத்துக்கு ஒரு நாள், இவளுக்கு ஏறும் கடமை தினமும். ஏப்ரலில் ஒரு நாள் விட்டால் ஆகஸ்டில் ஒரு நாள் காயும் என்று பர்தெலமி கணக்குச் சொன்னார். ஆகையால் அடுத்த ஏப்ரலில் பெரும்பந்தயத்துக்கு அவளை அழைத்துப்போக வண்டி வந்தபோது வாசலில் நான்கு பேர் வைக்கோல்வாரியோடு மறித்து நின்றார்கள். நாலாவது ஆள் எய்மோன்.

"நமக்கும் மாடு இருக்கு, ஒதில்," என்றான், தரையைப் பார்த்தபடி.

"த்தூ, நீயுமா?" என்றாள். வண்டி காலியாகத் திரும்பியது. அன்று அவள் கணவாயை எட்டிய வேகம் எந்தப் பந்தயத்திலும் யாரும் ஓடாத வேகம். மணி பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

அப்புறம் பத்தொன்பது வருஷம். பர்தெலமி செத்தார், அவர் மகன் தலைவனானான். எய்மோனோடு அவள் பேசவேயில்லை. அவன் போட்ட காபியைக் குடித்தாள், அவ்வளவுதான். முழங்கால் இரண்டும் தேய்ந்தன. ஓர் ஆகஸ்ட் விடியலில், இனி முடியாது, படுத்திருக்கிறேன் என்றாள். மாடுகள் இப்போது மகள் நொயெமியுடையவை. அவள் ரோமப்பட்டையை ஒட்டி, ஸ்கீயை வாசலில் போட்டு, அம்மாவின் போர்வையை உருவினாள்.

"எந்திரிம்மா. எம் பூசைக்குத்தான் லேட்டா வந்த. தண்ணிக்கும் லேட்டாக்காத."

ஒதில் ஏறினாள். வழக்கம்போல மதியத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.