டம்ளர் வேர்க்கிறது

‘ஈரப்பதம் 42. இன்று இடிக்கு வாய்ப்பே இல்லை. டம்ளர் கட்சியினர் தயவுசெய்து அமைதி காக்கவும்.’

பகல் ஒன்றரை மணிக்கு இந்தச் செய்தி வந்தபோது ஜூஸ் கடைக்காரி ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தாள். படித்து முடித்ததும் கையில் இருந்த பழத்துக்கு வந்த கதி எந்தப் பழத்துக்கும் வரக்கூடாது. தோலும் கொட்டையும் சேர்ந்து ஜாடிக்குள் விழுந்தன. எதிரே நின்ற வாடிக்கையாளர் ஓரடி பின்வாங்கினார்.

“சக்கரை கம்மியா போடவாம்மா?” என்றார், பயந்துபோய். ஏதோ அவர்தான் ஜூஸ் போடுகிறவர் என்பதுபோல.

குழுவின் பெயர் ‘மேகக்கூட்டம்’. வானிலை என்றால் சோறு தண்ணீர் மறக்கும் அறுபத்து நான்கு பேர் அதில் இருந்தார்கள். அறுபது பேர் படிப்பதோடு சரி. வாய் திறப்பவர்கள், இவளைத் தவிர, மூன்றே பேர். முதலாவது அட்மின். கடைக்கு எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் சேஃப்டி ஆபீசர். இரண்டாவது, பூகோள வாத்தியார். மூன்றாவது, போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞன். கல்யாண ஜோடிகளைவிட மேகங்களை அதிகமாகப் படம் எடுத்ததால் அவன் பெயரே ‘மேகம்’ ஆகிவிட்டது.

இவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டம்ளர்’.

அதற்குக் காரணம் இருந்தது. இவளிடம் ஈரப்பதம் காட்டும் மீட்டர் கிடையாது. ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு தெர்மாமீட்டரும்தான். டம்ளரில் சாதாரணத் தண்ணீர் ஊற்றுவாள். ஐஸைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்குவாள். எத்தனை டிகிரியில் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கத் தொடங்குகிறதோ, அதைக் குறித்துக்கொள்வாள். காற்றில் ஈரம் குறைவென்றால் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் வேர்க்கும். ஈரம் மிகுந்திருந்தால் முதல் ஐஸ் கரையும் முன்பே வேர்த்துக் கொட்டும். மூன்று கோடையாக நோட்டில் எழுதி வருகிறாள். இருபத்தைந்தைத் தாண்டி வேர்த்த நாட்களில் பாதிக்கு மேல், மாலையில் இடி இடித்திருக்கிறது.

இன்றைக்கு இருபத்தேழில் வேர்த்தது.

அட்மினின் மீட்டர் சொல்வது உண்மையானால் இருபத்தொன்றில்தான் வேர்க்க வேண்டும். பன்னிரண்டு நாளாக இதே தகராறு. இவள் டம்ளர் ஒன்று சொல்ல, அட்மினின் மீட்டர் வேறு ஒன்று சொல்லும். கோடை முடிகிற நேரத்தில் ஈரப்பதம் ஏன் திடீரென்று விழுந்தது என்று வாத்தியார் காற்றின் திசையை வைத்து மூன்று பக்கம் எழுதினார். மேகம் படங்களைப் போட்டு மறுத்தான். அட்மின் வண்ண வண்ணமாக கிராஃப் போட்டார். டம்ளரின் கணக்கு அந்த கிராஃபில் ஒட்டவில்லை. ‘அழகைக் கெடுக்கிறது’ என்று அதை எடுத்தேவிட்டார்.

வெறும் வாய்ச்சண்டை என்றால் இவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அந்தக் கட்டடத்தின் டவர் கிரேனில், அறுபது மீட்டர் உயரத்துக் கூண்டில், உட்கார்ந்திருப்பது இவள் புருஷன்.

கட்டடத்தின் கேட்டில் ஒரு கரும்பலகை உண்டு. ‘இன்று இடி’ என்று பெயிண்டில் எழுதி, பக்கத்தில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று அட்மின் சாக்பீஸால் எழுதுவார். ‘உண்டு’ என்றால் இரண்டு மணிக்கு மேல் கிரேனில் ஆள் இருக்கக் கூடாது. ‘இல்லை’ என்றால் ஐந்து வரை ஓட வேண்டும். நடுவில் இறங்க ஆபீசரின் உத்தரவு வேண்டும்.

போன புதன்கிழமை பலகை ‘இல்லை’ என்றது. மூன்றரைக்கு இடி வந்தது. ஏணியில் இறங்க இருபது நிமிடம் ஆகும். மின்னல் வெட்டும்போது இரும்பு ஏணியில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? நாற்பது நிமிடம் அந்தக் கூண்டு காற்றில் ஆடியது. இவள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் இறங்கி வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்த டம்ளரை அவனால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் கொட்டியது.

“ஒண்ணுமில்ல, தோள்பட்டை வலி,” என்றான். பொய்.

அன்று மாலை அட்மின் குழுவில் எழுதினார்: ‘எதிர்பாராத உள்ளூர் இடி. இயற்கையை யார் அறிவார்?’

அந்த வரி இவள் தொண்டையில் மீன் முள்ளாக இன்னும் நின்றுகொண்டிருந்தது.

வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஃபிளாஸ்கில் ஐஸ், ஒரு பாட்டில் தண்ணீர், டம்ளர், தெர்மாமீட்டர், ஸ்பூன். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். வெயில் தலையில் அடித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிழக்கே, பாதி கட்டிய சுவர்களுக்குப் பின்னால், காலிஃப்ளவர் மாதிரி ஒரு மேகம் தலை தூக்கியிருந்தது.

கேட்டில் பலகை ‘இல்லை’ என்றது.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம் வழக்கம். முன்பெல்லாம் மேகத்தின் மொட்டை மாடியில் நடக்கும். அட்மினின் ஆபீசுக்கு ஏ.சி. வந்தபின் அங்கே மாறிவிட்டது. தகர அறைதான், ஆனால் உள்ளே ஜில்லென்று இருக்கும். இவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது மூவரும் கிராஃபைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க டம்ளர்!” என்றார் அட்மின். “ஆயுதத்தோட வந்திருக்கீங்க போல?”

“அவர இறங்கச் சொல்லுங்க சார்.”

“எதுக்கு?”

“இருபத்தேழுல வேர்க்குது. கிழக்கால மேகம் ஏறுது. அவர இறங்கச் சொல்லுங்க.”

“மேகம் இங்கதான் உக்காந்திருக்கான்!” என்று அட்மின் தொடையைத் தட்டிச் சிரித்தார். மேகம் சிரிக்கவில்லை.

“அக்கா சொல்றது நிஜம் சார். வரும்போது நானும் பாத்தேன். நல்லா வளருது.”

“வளரட்டுமேப்பா. ஈரம் எங்க இருக்கு? வெறும் நாப்பத்திரண்டு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

“நீங்க எந்தச் சட்டியப் பாக்கறீங்கன்னே தெரியல சார். வெளிய ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, தெரியும்.”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். “இதோ பாரும்மா. வேர்வை வேற, விஞ்ஞானம் வேற. காத்து திசை மாறினதுல இருந்து ஈரப்பதம் நிலையா இருக்கு. பன்னண்டு நாள் புள்ளிவிவரம் இருக்கு.”

“நடுவுல புதன்கிழமை இடிச்சுதே வாத்தியாரே, அது எந்தப் புள்ளியில இருக்கு?”

“அது விதிவிலக்கு.”

“விதிவிலக்கு மேலதான் என் வீட்டுக்காரர் நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தார்!”

அட்மினின் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

“சரி, இங்கயே செஞ்சு காட்டுங்க,” என்றார். “நாங்களும் பாக்கறோம். வேர்த்தா நான் இப்பவே இறங்கச் சொல்றேன். வேர்க்கலைன்னா இனிமே இந்தப் பேச்சே வரக்கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

டம்ளரைத் துடைத்து மேஜையில் வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். முதல் ஐஸ். கலக்கினாள். இருபத்தேழு. டம்ளர் உலர்ந்தே இருந்தது. இன்னொரு ஐஸ். இருபத்து நான்கு. ஒன்றும் இல்லை. இன்னொன்று. இருபது.

மேகம் குனிந்து பார்த்தான். வாத்தியார் விரலால் தொட்டுப் பார்த்தார். “காய்ஞ்சு கிடக்கு.”

பதினாறு. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“ரோஷக்கார டம்ளர்!” என்றார் அட்மின். “எங்களப் பாத்ததும் வேர்க்க மறந்துடுச்சு. ஏம்மா, நான் பொறுமையா சொல்றேன். ஜூஸ் போடறவங்க ஜூஸ் போடணும். ஆழம் தெரியாம காலை விடக்கூடாது.”

வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார். இவளுக்குக் காது மடல்கள் எரிந்தன. மூன்று வருட நோட்டும் ஒரே நொடியில் குப்பையாகிவிட்டதா? கண்ணில் தண்ணீர் முட்டியது. இவர்கள் முன்னால் அழுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். டம்ளரை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி வெளியே வந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போய்விடலாம் என்று டம்ளரைச் சாய்த்தாள்.

கை வழுக்கியது.

டம்ளர் முழுக்கப் பனி பூத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டுப் பொட்டாகத் திரண்டு, முழங்கை வரை வழிந்தது.

டம்ளரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கதவுக்கு மேலே புதிய ஏ.சி. பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் வெளியே வந்து, நிழலில் ஒரு சின்ன உலோக முனையோடு தொங்கியது. முன்பு அந்த இடத்தில் மீட்டரே அல்லவா தொங்கியது?

மறுபடியும் உள்ளே நுழைந்தபோது அவள் நடை வேறாக இருந்தது.

“அந்த மீட்டர எப்ப சார் உள்ள கொண்டு வந்தீங்க?”

“ஏ.சி. போட்ட அன்னிக்கு. வெயில்ல நின்னு பாக்க முடியல. அதுக்கென்ன? டெம்பரேச்சர் ஒயரு வெளியதான் இருக்கு.”

“டெம்பரேச்சருக்கு ஒயர் இருக்கு. ஈரப்பதத்துக்கு?”

அட்மின் சுவரில் இருந்த மீட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆணியில் இருந்த மீட்டரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். “ஏய், ஏய்!” என்று அட்மின் எழுந்தார். அவள் நிற்கவில்லை. வாசலுக்கு வெளியே போய் மீட்டரை நிழலில் உயர்த்திப் பிடித்தாள். மூவரும் பின்னாலேயே வந்தார்கள். 42 என்றிருந்தது 44 ஆனது. 49. 53. கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல ஏறி 60-இல் நின்றது.

“பன்னண்டு நாள்...” என்றார் வாத்தியார்.

“ஆமா வாத்தியாரே. மூணு பக்கம் எழுதினீங்களே காத்து திசை மாறிடுச்சுன்னு? நிஜமாவே மாறிடுச்சு. ஏ.சி. காத்து!”

மேகம் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அட்மின் தொண்டையைக் கனைத்தார். “இதுல ஒரு தொழில்நுட்பக் கோளாறு...”

“இறங்கச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா. மாடி கான்கிரீட் போயிட்டிருக்கு. கிரேன் இன்னும் நாலு தொட்டி ஏத்தினாப் போதும். அரை மணி நேரம்...”

“யோவ்!”

அந்தச் சத்தத்தில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஆபீசரை ‘யோவ்’ என்று அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. அவள் உள்ளே போய் மேஜை மேல் இருந்த வாக்கிடாக்கியை எடுத்து வந்து, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“வேர்த்தா இறங்கச் சொல்றேன்னு நீங்கதானே சொன்னீங்க? வேர்த்துடுச்சு. சொல்லுங்க.”

அட்மின் சுற்றிலும் பார்த்தார். நாற்பது கண்கள். பட்டனை அழுத்தினார்.

“கிரேன்... இறங்குப்பா.”

மேலிருந்து கரகரத்த குரல் வந்தது. “போர்டுல ‘இல்லை’ன்னு போட்டிருக்கே சார்?”

அவள் வாக்கிடாக்கியை இன்னும் ஒரு அங்குலம் நெருக்கினாள்.

“போர்டு தப்பு,” என்றார்.

இரண்டு மணி நாற்பதுக்கு அவன் கூண்டுக் கதவைத் திறந்தான். அவள் ஏணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் தளமேடை. இரண்டாவது. வெளிச்சம் ஒரு சுற்றுக் குறைந்தது. மூன்றாவது. புழுக்கத்தைக் கிழித்துக்கொண்டு குளிர்ந்த காற்று ஒன்று வந்தது. சிமெண்ட் சாக்குகள் பறந்தன. நான்காவது. தூரத்தில் வானம் உறுமியது. “மெதுவா... மெதுவா...” என்று இவள் முணுமுணுத்தாள். “வேகமா வாங்களேன்!” என்று கத்தினாள்.

அவன் தரையில் கால் வைத்தபோது கோலிக்குண்டு அளவுத் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. அவள் பையையும் டம்ளரையும் எடுத்துக்கொள்ள, இருவரும் ரோட்டைக் கடந்து பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார்கள். அடுத்த நிமிடம் வானம் பிளந்தது. வெள்ளைக்கோடு ஒன்று கிரேனின் நீண்ட கையில் இறங்கி ஏறியது. கடையில் இருந்த கண்ணாடி ஜாடிகள் எல்லாம் கிணுகிணுத்தன.

அவன் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கைப்பேசி அதிர்ந்தது. மேகக்கூட்டம். அட்மின்: ‘நமது நிலையம் 2.40-க்கே சரியாக எச்சரித்தது. பாதுகாப்பே நம் உயிர்மூச்சு.’

பல்லைக் கடித்துக்கொண்டு பதில் தட்டினாள்: ‘பன்னண்டு நாளா நாம அடிச்சுக்கிட்டது அட்மின் ரூம் காத்துக்கு. அந்த கிராஃபை யாரும் அழிக்காதீங்க. இனிமே மீட்டர் கேட்டுலதான் தொங்கும், எல்லாரும் பாக்கற மாதிரி. உள்ள கொண்டு போனா மறுபடியும் நானே வந்து பிடுங்குவேன்.’

அரை நிமிடத்தில் அவள் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். இன்னும் அரை நிமிடத்தில் மேகம் அழைத்தான்.

“அக்கா, நானும் வாத்தியாரும் வெளிய வந்துட்டோம். புது குரூப் ஆரம்பிச்சாச்சு. நீங்கதான் அட்மின்.”

“கூட்டம் உன் மொட்டை மாடியில,” என்றாள். “வேர்க்க வேர்க்க உக்காந்து பேசுங்க.” வைத்துவிட்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. அதே வேகத்தில் டம்ளரில் புதுத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் போட்டு, மேஜை மேல் வைத்தாள்.

“தொண்டை காயுது,” என்றான் புருஷன் மெதுவாக. “தண்ணி குடேன்.” சொல்லிக்கொண்டே மேஜை மேல் வேர்த்து நின்ற டம்ளரை நோக்கிக் கையை நீட்டினான். கை நடுங்காமல் இருந்தது. அதை அவள் பார்த்தாள்.

“அதத் தொடாதீங்க!” என்று எரிந்து விழுந்தாள். “அது டியூட்டியில இருக்கு. வேற டம்ளர்ல தரேன்.”