நடக்கத் தோதான பாட்டுகள்

வீட்டில் கடைசிப் பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட செல்லப் பெயர் நாற்பது வயதிலும் உதிரவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பிசியோ மேடம் என்றார்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பாப்பாதான். புருஷனுக்கும் பாப்பா, நாத்தனாருக்கும் பாப்பா.

விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பது பாப்பாவின் வேலை. இடுப்பு உடைந்தவர்கள், முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று ஒரு நாளைக்குப் பதினான்கு பேராவது வருவார்கள். தரைத்தளத்தில் ஒரு நீள அறை. நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இடுப்புயரத்தில் இரண்டு கம்பிகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் நான்கே படிகள் கொண்ட மரப்படிக்கட்டு. அதில் ஏறினால் சுவரில்தான் முட்டவேண்டும். அதனால் ஏறியவர் எவரும் மரியாதையாக இறங்கி வந்துவிடுவார்.

பாட்டுக்கும் அவளுக்கும் பகை ஒன்றும் இல்லை, பழக்கமும் இல்லை. பாட்டு என்பது பக்கத்து வீட்டிலிருந்தோ பேருந்தின் முன் இருக்கையிலிருந்தோ வருவது. வந்தால் காதில் விழும், நின்றால் நின்றுவிடும். எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், எல்லாமே நல்லாத்தான் இருக்கு என்று சொல்லித் தப்பித்துவிடுவாள்.

போன வருடத் தொடக்கத்தில் டிரைவர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உடம்பின் இடது பக்கம் சொல்பேச்சுக் கேட்காமல் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நடைதான் கெட்டுப்போயிருந்தது. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வரும். வலது கால் அதற்குக் காத்திராமல் ஓடப் பார்க்கும். கூடப் பிறந்த இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

இதற்குப் பாப்பா ஒரு வழி வைத்திருந்தாள். போனில் டிக் டிக் என்று சீராக ஒரு சத்தத்தை ஓடவிடுவது. ஒவ்வொரு டிக்குக்கும் ஓர் அடி. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு என்று வைத்தாள். டிரைவர் கம்பிகளைப் பிடித்து மூன்று அடி வைத்தார். நின்றுவிட்டார்.

"மேடம், இதை அணைச்சிடுங்க."

"ஏன் சார்?"

"வண்டியில இண்டிகேட்டர் போட்டா இதே சத்தம்தான் வரும். இதைக் கேட்டா வேகத்தைக் குறைச்சே பழகினவன் நான். கால் தானா நிக்குது."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது புரிந்தது. சரி, பாட்டுப் போடலாமா என்று கேட்டாள். போடுங்கள் என்றார். என்ன பாட்டு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவன் பாட்டில் லயித்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேருக்கு ஆபத்து என்று, அவர் ஓட்டிய வண்டியில் பாட்டே ஓடியதில்லை. பாப்பா தன் போனைத் திறந்து பார்த்தாள். அதில் புருஷனின் குரல்பதிவுகளைத் தவிர ஒன்றும் இல்லை. பாட்டுத் தெரியாத இரண்டு பேர் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் கேட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருடத்தில் நீ பாட்டு வேணும்னு கேட்டு இப்பதான் பார்க்கிறேன் என்று சொல்லி, உற்சாகமாகப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாப்பா நிபந்தனையைச் சொன்னாள்: நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு அடி, முதலிலிருந்து கடைசிவரை மாறக் கூடாது. இருவரும் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டித் தட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முதல் பாட்டு எண்பத்தெட்டு. அடுத்தது அதையும் தாண்டியது. மூன்றாவது நல்லபடியாகத்தான் கிளம்பியது. நடுவில் வயலின்காரர்களுக்கு என்ன ஆனதோ, எல்லோரும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தார்கள். இதைப் போட்டால் டிரைவர் நேராகக் கண்ணாடியில் போய் மோதுவார் என்றாள் பாப்பா. தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பதாவது பாட்டில் எல்லாம் பொருந்தி வந்தது. ஓர் ஆண் குரல், பின்னால் அவசரமே இல்லாத ஒரு தாளம், அவ்வளவுதான்.

மறுநாள் அதைப் போட்டாள். டிரைவர் கம்பிகளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பதினோரு அடி நடந்தார். முதல் முறையாக இரண்டு காலும் ஒரே மாதிரிச் சத்தம் போட்டன. முனைக்குப் போய்த் திரும்பி நின்று, பாடறவருக்கு ஜலதோஷமா மேடம் என்று கேட்டார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அதற்கு மூக்கடைப்புப் பாட்டு என்று பெயராகிவிட்டது.

ஒரே பாட்டை எத்தனை நாள் போடுவது? பாப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். பிடித்த பாட்டு எது என்று கேட்டால் மனிதர்கள் முதலில் தரையைப் பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டாள். நோய், கடன், மாமியார் சண்டை எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் சொல்பவர்கள், இதைச் சொல்ல மட்டும் தயங்கினார்கள். அதட்டியே பேசும் வார்டு நர்ஸ், பரீட்சையில் தோற்ற வருடம் முழுக்கத் தான் கேட்ட பாட்டு என்று ஒன்றை அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். எக்ஸ்ரே அறைக்காரர் ஒரேயடியாக முப்பது அனுப்பினார். அதில் ஒன்றுதான் தேறியது. கதவு கிறீச்சிடும் சத்தத்தோடு ஆரம்பிக்கும் அதைக் கதவுப் பாட்டு என்றார்கள்.

நாத்தனாரிடமும் கேட்டாள். சாப்பிட்டாச்சா, எப்ப வர்றீங்க, சரி வெச்சிடறேன் என்பதற்கு மேல் பதினாறு வருடத்தில் இருவருக்கும் பேச்சு வளர்ந்ததில்லை. நாத்தனார் அனுப்பியது இருவருக்குமே தெரியாத ஏதோ ஒரு மொழிப் பாட்டு. பாப்பா போன் போட்டு அர்த்தம் கேட்டாள்.

"அர்த்தமெல்லாம் தெரியாது பாப்பா. ஆனா இதைக் கேட்டா, யாரோ தெருவுல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கும். நல்லதுக்குத்தான் கூப்பிடறாங்கன்னும் தோணும்."

அன்றைக்கு இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். புருஷன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நம்பாமல் திரும்பிப் போனார்.

டிரைவருக்கு எல்லாவற்றிலும் அந்தப் பாட்டுதான் பிடித்தது. வார்த்தை புரிந்தால் மனசு அதன் பின்னால் போய்விடுகிறது, கால் நின்றுவிடுகிறது. இதில் அந்தத் தொல்லை இல்லை என்றார். பாப்பா ஒரு சின்ன நோட்டில் பாட்டுகளை வேக வரிசையில் எழுதிவைத்தாள். ஐம்பத்திரண்டில் தொடங்கி, ஐம்பத்தெட்டு, அறுபத்து நான்கு என்று ஏறி, ஆறாம் மாதத்தில் எழுபதுக்கு வந்தார்கள். கம்பிகளை விட்டாயிற்று, ஊன்றுகோல் மட்டும்தான். இதற்கிடையில் பாப்பாவுக்கும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. எண்ணுவதற்காகப் போட்ட பாட்டை எண்ண மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். டீக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் பாதியாகச் சுண்டியிருக்கும்.

ஏழாம் மாதம் பெரிய டாக்டர் டிரைவரைச் சோதித்தார். நடை நன்றாகத் தேறியிருக்கிறது, ஆனால் இடது பக்கப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது, அது திரும்பாது, இனிப் பேருந்து ஓட்ட முடியாது என்று சொன்னார். டிரைவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவர் மனைவி வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"வரமாட்டேங்கிறாரும்மா. வண்டி ஓட்டக் கூடாதுன்னா அப்புறம் நான் எங்க நடந்து போகணும்னு கேக்கறாரு. என்னத்த சொல்ல? சுவரைப் பார்த்துப் படுத்தவருதான்."

 ஆறுதல் வார்த்தைகள் பாப்பாவிடம் நிறைய உண்டு. அந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில், நோட்டில் இருந்த பத்தொன்பது பாட்டுகளையும் அந்த அம்மாளின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அவர் கேட்கலைன்னாலும் நீங்க கேளுங்க அக்கா என்றாள். கொடுத்துவிட்டு, இது என்ன வைத்தியம் என்று தனக்கே வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து நடந்ததை அந்த அம்மாளே வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அடுக்களையில் போனை அலமாரியில் வைத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். போன் தன் இஷ்டத்துக்குப் பாட்டுகளைக் கலைத்துப் போட்டது. மூக்கடைப்புப் பாட்டு முடிந்ததும் நேராக எழுபதுக்குத் தாவியது. படுக்கையறையிலிருந்து டிரைவர் ஏதோ சொன்னார். குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆள் அடுக்களைக்குள் நிற்கிறார்.

"நேரா அலமாரிக்கு வந்தாரு. நடுவுல கதவுப் பாட்டு வரணும், இது தெரியாம நீ பாட்டுக்குப் போட்டுக்கிட்டிருக்கன்னு சொல்லி, இடது கையாலேயே மாத்தினாரு. அப்பதான் பார்க்கறேன், கோல் இல்ல. எதையும் பிடிக்கவும் இல்ல. அவரும் அப்பதான் பார்த்தாரு. நான் வாயைத் திறக்கலம்மா. திறந்தா விழுந்திடுவாரோன்னு பயம். கையில கத்தியோட நான், அலமாரி பக்கத்துல அவரு, பாட்டு முடியற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே நின்னோம்."

சொல்லி முடித்துக் கோட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, மூடியே இருந்த ஜன்னலை இன்னொரு தடவை மூடினாள்.

மறுநாள் டிரைவர் வந்தார். பாப்பா எதில் ஆரம்பிக்கலாம் என்று மட்டும் கேட்டாள். எழுபதிலேயே ஆரம்பியுங்கள் என்றார்.

பத்தாம் மாதம் வெளியே அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் இருநூற்றுச் சொச்சம் அடி. வண்டிச் சத்தம் கேட்கவேண்டும் என்பதால் அவருடைய ஒரு காதில் மட்டும் பாட்டு. நடைபாதையில் ஓரிடத்தில் கல் பெயர்ந்திருந்தது. நின்று, பார்த்து, தாண்டி, அடுத்த தாளத்தில் சேர்ந்துகொண்டார். பேருந்து வந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில் என்று பாப்பா சொல்ல வாயெடுப்பதற்குள் வலது கால் படியில் இருந்தது. இடது கால் பின்னாலேயே வந்தது. ஓட்டியவர் புது ஆள். இவரைத் தெரியாது. ஒரு பயணி ஏறினார் என்று கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் வெளியே பார்த்தார். கடைகள் போயின. ஒரு பள்ளிக்கூடச் சுவர் போயிற்று. ஒரு மாடியில் யாரோ போர்வை உதறினார்கள்.

"எப்படி இருக்கு சார்?"

"இந்த ரோட்டுல பத்து வருஷம் ஓட்டியிருக்கேன் மேடம். பக்கவாட்டுல இவ்வளவு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

கொஞ்சம் கழித்து, பிரேக்கை மெல்ல அழுத்தவேண்டும், இந்தப் புது ஆள் ஓங்கி மிதிக்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டார். நான்கு நிறுத்தம் போய், எதிர்ப்பக்க வண்டியில் ஏறித் திரும்பினார்கள். அந்த வண்டியின் பிரேக்கையும் அவர் மெச்சவில்லை.

வருடக் கடைசிக்குள் பணிமனையில் அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். எந்த வண்டி எந்த நேரம் எந்தத் தடத்தில் என்று அட்டவணை போடும் மேசை. வாரத்தில் நான்கு நாள், அரை நாள் வேலை. மனைவியின் மருந்துக்கடையும் அந்தப் பக்கம்தான் என்பதால் இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். சிகிச்சையின் கடைசி நாளன்று, பாட்டே இல்லாமல் நீளத் தாழ்வாரத்தை நடந்து காட்டினார். பாப்பா கடிகாரம் பார்த்தாள்: நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு அடி. இனிமேல் நீங்கள் வரவேண்டியதில்லை என்றாள். அவர் முகம் கொஞ்சம் விழுந்தது. அப்ப பாட்டு, என்று இழுத்தார். நோட்டில் அதற்குள் நாற்பத்து மூன்றாகியிருந்த பாட்டுகளையும் அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. ஒரு பாட்டு வேண்டும் என்றார். பாப்பா பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு வேகத்துக்கு சார்?"

"நடக்கிறதுக்கு இல்ல மேடம். சும்மா உக்காந்து கேக்க. நானும் அவளுமா."

பாப்பா நோட்டைத் திறக்கவில்லை. அதில் இல்லாத பாட்டு ஒன்று அவளிடம் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள், வேறெதையோ தேடும்போது தானாக அகப்பட்டது, யாரும் சொன்னதல்ல. ஒரு வயதான பெண்ணின் குரல். நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்தால் வேகமெடுக்கும். எந்தக் காலுக்கும் உதவாது என்று அன்றைக்கே தள்ளிவைத்தவள், அதற்கப்புறம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அனுப்பினாள்.

எந்தப் பாட்டு அனுப்பினாய் என்று கேட்டுக்கொண்டே புருஷன் வந்து எதிரில் உட்கார்ந்தார். போனை மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். அவர் வழக்கப்படி விரலால் தட்ட ஆரம்பித்து, தவறவிட்டு, மறுபடியும் பிடித்து, மறுபடியும் தவறவிட்டார்.

"இதுல தாளம் ஒரு இடத்துல நிக்கலையே பாப்பா."

"ஆமா," என்றாள் பாப்பா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.