அவள் வந்த பிறகு

சின்னராசு மேஸ்திரி எல்லார் கத்தியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு கத்தியை மட்டும் தரையிலேயே விட்டுவிட்டார்.

ரிஷிவந்தியத்துக்குக் கிழக்கே ஒரு கொல்லையில் அன்றைக்குத்தான் கரும்பு வெட்டுத் தொடக்கம். புதுக் கொல்லையில் இறங்கும்போது அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாருடைய கத்தியையும் வரப்பில் குவித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் ஏற்றுவார்கள். பிறகு மேஸ்திரி ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிக் கொடுப்பார். அவர் கையால் வாங்கியவர்தான் வெட்டாள். வாங்காதவரைப் போ என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கிடந்தது இருசம்மாளின் கத்தி.

இருசம்மாள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். புருஷன் இன்னொருத்தியோடு சேலத்துப் பக்கம் போய்விட்டான். தீபாவளி கழித்து இந்தக் கூட்டத்துக்கு வந்தவள், பாப்பாத்திக்குச் சோடியானாள். கரும்பு வெட்டில் சோடி இல்லாமல் வேலை நடக்காது. ஒருத்தி அடியில் வெட்டிச் சாய்த்துக்கொண்டே போனால், இன்னொருத்தி பின்னாலேயே நுனிக் கொழுந்தாடையைக் கழித்து, காய்ந்த சோகையை உரித்து, கட்டுக் கட்ட வேண்டும். பாப்பாத்தி வெட்டுவாள், இருசம்மாள் கட்டுவாள்.

"என் கத்தி, மேஸ்திரி" என்றாள் இருசம்மாள்.

சின்னராசு அவள் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் அப்பால போய் நில்லும்மா. பேச வேண்டியது இருக்குது" என்றார்.

அவள் வேலிக்காத்தான் மரத்தடியில் போய் நின்றாள். பேசுவது காதில் விழாத தூரமில்லை. விழட்டும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

பருவத்தின் நடுவில் ஒரு மேஸ்திரி கழித்துவிட்ட ஆளை இன்னொரு மேஸ்திரி சேர்க்க மாட்டார். அதிலும் ராசியில்லாதவள் என்று கழித்துவிட்டால், அவள் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். சங்கராபுரம், களமருதூர் எங்கே போய் நின்றாலும் இதுதான். மலைக்குத் திரும்பினால் அண்ணன் பெண்டாட்டி சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் பாப்பாத்திக்குத் தெரியும். ஒரே கொட்டாயில்தான் இருவரும் படுக்கிறார்கள்.

"நான் ஒருத்தனா முடிவு பண்ணல. எல்லாருந்தான் சொல்றீங்க" என்று ஆரம்பித்தார் சின்னராசு. "இவ வந்ததுலேருந்து ஒண்ணும் சரியில்ல. மடையாண்ட டிப்பர் கவுந்துச்சு. எங்க வூட்டுப் பசு நின்னுக்கினு இருந்தது நின்னபடியே வுழுந்து செத்துச்சு. நேத்து இளவரசன் கால வெட்டிக்கினான்." இங்கே குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்துக்கும் மேல, எங்கண்ணன் போய்ச் சேந்தாரு. நான் சொல்ல வேணாம், அண்ணியவே கேளுங்க."

எல்லாரும் பாப்பாத்தியைப் பார்த்தார்கள். செத்துப்போன வேடியப்பன் அவள் புருஷன். சின்னராசுவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். மார்கழியில் போனான், இப்போது மாசி. துக்கமா என்று கேட்டால் பாப்பாத்திக்குச் சொல்லத் தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தாடை இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, அவ்வளவுதான். அழுகை வரவில்லையே என்று கருமாதி அன்று பக்கத்து வீட்டுக்காரி ஆச்சரியப்பட்டாள். பாப்பாத்திக்கு அந்த ஆச்சரியமும் வரவில்லை.

"பெரிம்மா இன்னா சொல்லும், பாவம்" என்றாள் இளவரசன் பெண்டாட்டி மணிமொழி. "வாயத் தொறக்கலியே, அதுலியே தெரில? அதுக்கும் மனசுல அதான் ஓடுது."

இந்தப் பேச்சு பாப்பாத்திக்குப் பழகின பேச்சு. வேடியப்பன் ஒரு நாள் ஆட்டை விற்கட்டுமா என்று கேட்டான். அவள் அடுப்பூதிக்கொண்டிருந்தாள், பதில் சொல்லவில்லை. சாயந்திரம் ஆடு இல்லை. "கேட்டேன், பேசாம இருந்த. வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பியே" என்றான்.

குடிப்பதில் மட்டுமல்ல, பேசுவதிலும் அவனை ஊரில் யாரும் மிஞ்ச முடியாது. டீக்கடையில் அவனோடு வாய் கொடுத்தவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போவான். வீட்டில் எழுந்து போக இடமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் பாப்பாத்தி. "நேத்து குடிச்சேன், இன்னைக்கு எழுந்து வேலைக்குப் போறனா இல்லியா? அப்ப குடி என்னை இன்னா பண்ணுச்சு?" என்பான். "எங்கப்பன் பல்லு போற வரைக்கும் குடிச்சிட்டுத்தான் செத்தான்" என்பான். "மொதல்ல உங்கண்ணன நிறுத்தச் சொல்லு, அப்பறம் எனக்கு வா" என்பான். கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் கரும்பில் குனிந்திருக்கும்போதுதான், அட, அண்ணன் குடித்தால் இவன் ஈரலுக்கு என்ன வந்தது என்று பொறி தட்டும். வருஷக்கணக்கில் கேட்டதில் பிறகு அங்கேயே, அந்த நிமிஷமே பிடிபட ஆரம்பித்தது. இங்கே வளைக்கிறான், இங்கே தாண்டுகிறான் என்று வாயசைவிலேயே தெரிந்தது. தெரிந்து என்ன? ஒரு தடவைகூட அவள் ஜெயிக்கவில்லை. ஓட்டை எங்கே என்று தெரிவது ஒன்று, அவனை நிறுத்துவது வேறொன்று.

"நீங்க மனச வுட்றாதீங்க அண்ணி" என்றார் சின்னராசு. இதை அன்பாகத்தான் சொன்னார். "ஊரு ஆயிரம் சொல்லும். குடிச்சே செத்தான், பொண்டாட்டி கவனிக்கலன்னு. குடியுமில்ல, நீங்களும் இல்ல. வந்தவ ராசி அப்படி."

அந்தப் பேச்சு நல்ல இடமாக இருந்தது. போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. குடி கொல்லவில்லை, அவன் தன்னைத்தானே கொன்றுகொள்ளவில்லை, அவள் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவுமில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வேலிக்காத்தான் மரத்தடியில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், அது ஒன்றுதான்.

"அவரு வயிறு ஆடியிலயே வீங்கிடுச்சு" என்றாள் பாப்பாத்தி. தன் குரல் யாரோ பேசுவது போல் கேட்டது. "ஈரல் போச்சுன்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. இவ வந்தது தீவாளி கழிச்சு."

"ஈரல் போனவன் எத்தினி பேரு வருஷக்கணக்கா நடமாடிக்கினு இருக்கான்? இவ வந்து காலு வச்சதும் ஏன் போவணும்? சரி, இவளால இல்லன்னு நீங்க காட்டுங்க பாக்கலாம்."

"காக்கா உக்காந்து பனம்பழம் வுழுந்த கதையா இருக்குது."

"அதத்தான் அண்ணி நானும் சொல்றேன். காக்கா வராம இருந்தா பழம் மரத்துலயே இருந்திருக்குமே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேடியப்பன் இருந்தால் அவனும் சிரித்திருப்பான்.

"போன வருஷமும் அதே மடையில டிப்பர் கவுந்துச்சு. அப்ப இவ எங்க இருந்தா?"

"அது வேற. அப்ப டிரைவரு தூங்கிட்டான்."

"இப்ப?"

"இப்பயும் தூங்கிட்டான். ஏன் தூங்கினான்னு கேளுங்க."

டிப்பர் நிழலில் காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த இளவரசன், "நான் செல்லு பேசிக்கினே வெட்னேன் மேஸ்திரி" என்று முனகினான்.

"நீ மூடு" என்றாள் மணிமொழி. "தெனமுந்தான் செல்லு பேசற, தெனமுமா கால வெட்டிக்கிற?" பிறகு பாப்பாத்தி பக்கம் திரும்பினாள். "இன்னா பெரிம்மா, அப்ப எங்க வூட்டு ஆளுக்குக் காலு போனா போவட்டும்னு சொல்றியா?"

பாப்பாத்தி அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காதே என்பாள், "நான் செத்துத் தொலையணும், அதானே உனக்கு" என்பான் வேடியப்பன். பிறகு அவனைச் சாகச் சொல்லவில்லை என்று நிரூபிப்பதிலேயே பொழுது போய்விடும். குடியைப் பற்றிய பேச்சு எங்கே போனதென்றே தெரியாது.

"மலைக்காரங்களுக்கு மருந்து வைக்கத் தெரியும். அது ஊரறிஞ்சது" என்றாள் மணிமொழி மறுபடி.

"அவ கொண்டாந்த சாமைய எல்லாருந்தான தின்னோம். நீ ரெண்டாந்தரம் கேட்டு வாங்கின."

"அப்ப அவ வைக்கல. அதுக்கு இன்னா இப்ப?"

மரத்தடியில் இருசம்மாள் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பு பூப்பூத்து நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த கொல்லை, அன்றைக்கு லோடு போயாக வேண்டும். டிப்பர் டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தான்.

சின்னராசுவுக்குப் பொறுமை போய்விட்டது. "பேச்சு எதுக்கு? அவ இறங்கினா நாங்க யாரும் இறங்க மாட்டோம். அவ ஒருத்தியா, இத்தினி குடும்பமா? ரெண்டுல ஒண்ணு, நீங்களே சொல்லுங்க அண்ணி. உங்க வாயால சொல்லுங்க. உங்க பேச்சுக்கு நான் கட்டுப்படறேன்."

மணிமொழி தன் கத்தியைக் கீழே போட்டாள். இன்னொருவர் போட்டார்.

ரெண்டுல ஒண்ணு. ஒன்று குடிக்கணும், இல்லாவிட்டால் தூக்கில் தொங்கணும், ரெண்டுல ஒண்ணு சொல்லுடி என்பான் வேடியப்பன். மூன்றாவது இருந்தது. நேற்றைக்கு எப்படி வெட்டினார்களோ அப்படி இன்றைக்கும் வெட்டலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். அது வேற என்பார்கள். அவளிடமிருந்த நேரான பேச்செல்லாம் தீர்ந்துவிட்டது. நேரான பேச்சைக் கொண்டு ஒரு புட்டியைக்கூட அவளால் தடுக்க முடிந்ததில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. சோர்வுதான். குனிந்து நிமிர்ந்த இடுப்பின் சோர்வு மாதிரி, வந்து தங்கிவிட்டது.

அவள் புருஷன் பேசுகிற மாதிரி பேசினாள்.

"சரி. அவ ராசியில்லாதவன்னே வச்சிக்குவோம். அவ யாரோட சோடி? என்னோட. பெருசா வுழுந்தது யாரு தலையில? என் தலையில. இனிமே எடுத்துக்கினு போறதுக்கு என்கிட்ட இன்னா இருக்குது? அவள என்கிட்டயே வுட்டுவச்சா, இருக்கற பீடை என்னோட நிக்கும். வெரட்டி வுட்டீங்கன்னா அது யாரப் பாத்துத் திரும்புமோ." மரத்தடியைக் கையால் காட்டினாள். "வயிறெரிஞ்சு போறவ மண்ணு வாரித் தூத்தினா, கத்தி குடுக்காதவன் வூட்டுக்குத்தான் மொதல்ல வரும்னு உங்கண்ணன் சொல்வாரு."

வேடியப்பன் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொன்னதில் எதையும் தூக்கிப் பார்த்தால் நிற்காது. டிப்பரும் பசுவும் இளவரசன் காலும் அவள் தலையில் விழவில்லை, மற்றவர்கள் தலையில்தான் விழுந்தன. யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. சின்னராசு தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். மணிமொழி புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணன் அப்படியா சொன்னாரு?"

"சொன்னாரு."

"செத்தவரு வாக்கு" என்றார் சின்னராசு. "அண்ணி சொல்றதும் ஞாயந்தான். அவங்களோடயே இருக்கட்டும்." குனிந்து கத்தியை எடுத்தார். அதை இருசம்மாளைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. பாப்பாத்தி கையில் கொடுத்தார். "நீங்களே குடுத்துடுங்க."

கடைசி ஓரத்துப் பார் வரிசைகள் இரண்டு பேருக்கும் கிடைத்தன. பாப்பாத்தி வெட்டிக்கொண்டே போனாள். பின்னால் சோகை உரிகிற சத்தம் கேட்டது. மற்ற நாட்களில் இருசம்மாள் ஏதாவது பேசிக்கொண்டே கட்டுவாள். தன் ஊர்க் கரடிக் கதை, பலாப்பழம் திருடப்போய் மரத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்த மாமன் கதை. பாப்பாத்தி கேட்டாளா இல்லையா என்று பார்க்க மாட்டாள். இன்றைக்குச் சத்தமில்லை.

நாலைந்து கட்டு ஆனது. கட்டைத் தலைக்கு ஏற்ற ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கொடுப்பார்கள், யாரும் கூப்பிட்டுக்கூடக் கேட்பதில்லை. மணிமொழிதான் பக்கத்தில் நின்றாள்.

"கொஞ்சம் தூக்கி வுடு" என்றாள் இருசம்மாள்.

மணிமொழி இரண்டடி பின்னால் போனாள். கோபமாக இல்லை. "பெரிம்மா," என்று கூப்பிட்டாள், "உன் சோடி கூப்புடுது, வா."

பாப்பாத்தி வெட்டின இடத்திலிருந்து திரும்பி, பாரின் நீளத்துக்கும் நடந்து வந்தாள். ஒரு பக்கம் பிடித்தாள். கட்டு உடனே ஏறவில்லை. இருசம்மாள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே, தணிந்த குரலில் கேட்டாள்.

"நீ சொன்னது நெசமாக்கா?"

"அவங்களுக்காவ சொன்னது."

"அது எனக்குத் தெரியும்." இருசம்மாள் கட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். "அவங்களுக்குத் தெரியாதே. நாளைக்கு எவனாச்சும் ஒருத்தன் தடுக்கி வுழுவான். பாப்பாத்தியே ஒத்துக்கினாளேன்னு சொல்வாங்க."

பாப்பாத்தி அந்தப் பேச்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எங்கே வளைகிறது, எங்கே தாண்டுகிறது என்று தேடினாள். எங்கும் இல்லை. நேராக இருந்தது.

"ஆமா" என்றாள்.

இருவரும் சேர்ந்து கட்டைத் தூக்கினார்கள். இருசம்மாள் டிப்பரை நோக்கி நடந்தாள். வழியில் நின்றவர்கள் அவளுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டார்கள். பாப்பாத்தி பாரின் நீளத்துக்கும் திரும்பி நடந்து, விட்ட இடத்தில் குனிந்தாள். அடுத்த கட்டுக்கும் அவள்தான் வர வேண்டும்.